விரல் நீளக் கப்பல்களின் தளபதிக்கு

காஜா பெராங், மலாக்கா.

என் தேவகிக்கு,

உன் கப்பல் இந்நேரம் கொழும்பைத் தாண்டியிருக்கும் என்று அப்பா சொல்கிறார். ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் தினமும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்பே அந்தச் சேதியை எனக்குச் சொல்லிவிடுகிறார். இந்தக் கடிதம் விமானத்தில் வருவதால் உனக்கு முன்னாலேயே இங்கிலாந்து போய், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உனக்காகக் காத்திருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. நீ போய் இறங்கும் இடத்தில் நான் முந்திப் போய் நின்று, பெட்டியை இப்படிக் கொடு என்று கை நீட்டுவது போல இருக்கிறது.

இதன் படி ஒன்று நம் மாதர் சங்கத்தின் ஆண்டு மலரிலும் வரப்போகிறது. நீ கோபப்படக் கூடாது. என்னிடம் அவர்கள் கேட்டது பலகாரக் குறிப்புதான். பலகாரம் செய்ய எல்லாருக்கும் தெரியும், என் மகளைப் பற்றி எழுதித் தருகிறேன், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே உனக்குத் தெரிந்த பல சங்கதிகளை இங்கே விளக்கமாகச் சொல்லியிருப்பேன். அவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

உன் பள்ளிக்கூடத்துக்குக் கேப்டன் வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். கிளேபாங் கடற்கரை ஓரம் குடியிருக்கும் அந்த வெள்ளைக்காரர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் வீட்டு ஹாலில் நாலைந்து ஆம்பளைகள் கூடி, தரையில் பச்சைத் தார்ப்பாய் விரித்து, அதைக் கடலாக்கி, விரல் நீளப் பாய்மரக் கப்பல்களை விட்டுச் சண்டை விளையாடுவார்கள் என்று ஊரில் கேள்விப்பட்டிருந்தோம். அந்தக் கப்பல்களைத்தான் சரித்திரப் பாடத்துக்காக ஒரு பெட்டியில் எடுத்துவந்து உங்களுக்குக் காட்டினார். டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் நம் மலாக்காவுக்காக நம் கடலில் மோதிய கதையையும் சொன்னார். மற்றப் பிள்ளைகள் பீரங்கி எங்கே, கொடி எங்கே என்று கேட்டார்களாம். நீ மட்டும், கயிறெல்லாம் ஏன் தொங்குகிறது என்று கேட்டிருக்கிறாய். அவர் சிரித்துவிட்டு, இந்த ஊர்க் காற்றில் எந்த நூலும் விறைப்பாக நிற்காது, கட்டின வாரத்திலேயே துணி காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்துவிடும், நானும் பல வருஷமாகப் பார்த்துவிட்டேன் என்றாராம். அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து என் தையல் பெட்டியைத் திறந்தாய். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி முழுசாக என் கைக்குத் திரும்பி வரவேயில்லை.

நான் பள்ளிச் சீருடை தைத்துக்கொடுக்கிறவள் என்பதால் நூலுக்குப் பஞ்சமில்லை. பருத்தி நூலை மெழுகுவத்தியில் இழுத்துப் பார்த்தாய். பட்டு நூலைப் பார்த்தாய். தெங்கேராவில் மீன் வலைச் சாமான் விற்கும் கடையில் புதிதாக வந்திருந்த நைலான் இழையை வாங்கிவந்தாய், அது அந்தக் கப்பலுக்கு வடக்கயிறு மாதிரி இருந்தது. ஒரு நாள் நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது சீப்பில் வந்த முடியை நீ பொறுக்கிக்கொண்டு போனாய். இரண்டு நாள் வெயிலில் என் தலைமுடி வீணைத் தந்தி மாதிரி நின்றது. மூன்றாம் நாள் மழை பெய்ததும் அதுவும் தொய்ந்து போயிற்று. உனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். நீயோ, முடியும் தண்ணி குடிக்குதும்மா, தண்ணி குடிக்காத சாமான் ஏதாச்சும் வேணும் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாய். அப்போது உனக்குப் பதிமூன்று வயது. தோற்றுப்போன கையோடு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறாளே, இவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது.

தண்ணீர் குடிக்காத சாமான் அப்பாவின் ரேடியோவுக்குள் இருந்தது. அது பாட்டு நின்று வெகுகாலம் ஆகியும், ஒரு நாள் சரி பண்ணிவிடலாம் என்று துணி போட்டு மூடி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பசாருக்குப் போயிருந்த நேரம் அதைக் கழற்றி, உள்ளே சுருள் சுருளாக இருந்த செப்புக் கம்பியை உருவ ஆரம்பித்தாய். முடியைவிட மெல்லிய கம்பி. அப்பா மீன் பையோடு திரும்பி வந்து, தன் ரேடியோ தரையில் பரந்து கிடப்பதைப் பார்த்து நின்றார். நீ தலையைத் தூக்கி, இது மழைக்குத் தொய்யாதுப்பா என்றாய். அவர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் சின்னக் குறடை எடுத்துவந்து உன் பக்கத்தில் வைத்தார். இனிமே அது பாடாதுபோல என்று மட்டும் சொன்னார். உன் அப்பா அதிகம் பேசாதவர். ஆற்றங்கரை ஆபீஸில் தொங்காங் படகுகளில் வந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் கிராணிக்கு எண்ணிக்கையே பேச்சாகப் போய்விட்டது. ஆனால் அந்தக் குறடு ஒரு பெரிய பேச்சு என்று எனக்குப் புரிந்தது.

கப்பலின் உடம்புக்கு மரம் வேண்டுமே. கட்டைச் செருப்பு செய்யும் சீனர் கடையில் விழும் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, அப்பாவின் பழைய சவரக் கத்தியால் செதுக்கினாய். பாய்களுக்கு மெல்லிய காகிதத்தைத் தேத்தண்ணியில் நனைத்துக் காயவைத்தாய், வெள்ளைப் பாய் எந்தக் கடலிலும் வெள்ளையாக இருக்காது என்று எனக்கே பாடம் சொன்னாய். சாயம் பூசும் தூரிகையில் மூன்று நான்கு மயிர்களை விட்டு மீதியை வெட்டி எறிந்தாய். கறுப்பு உடம்பில் மஞ்சள் கோடு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாய். அடுப்படியிலிருந்து பார்க்கும் எனக்கு மூச்சு முட்டும். மூச்சு விடுடி என்று கத்துவேன், கோடு கோணலாகப் போகும், நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துடைத்து மறுபடி இழுப்பாய். கயிறு முடிய என் ஊசி எதுவும் உதவவில்லை. பக்கத்தில் கம்போங் செட்டியிலிருக்கும், பீபிக் என்று நாம் கூப்பிடும் அம்மாளின் ஞாபகம் வந்து நான்தான் கேட்டுப் பார்த்தேன். செருப்பின் மேல் கடுகை விடச் சின்ன மணிகளைக் கோக்கிறவர் அல்லவா. வீட்டில் நம்மைப் போலவே சாமி கும்பிடுவார், பேசுவது மட்டும் மலாய். அவர் தன் ஊசியைக் கொடுத்ததோடு நிற்காமல், அதை என்ன செய்கிறாய் என்று பார்க்கக் கூடவே வந்துவிட்டார். மூன்று பாய்மரமும் கம்பிக் கயிறுமாக நின்ற கப்பலை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாகுஸ், பாகுஸ் என்று சொன்னார். அந்த மலாய்ச் சொல்லுக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் எதையும் இரண்டு தரம் சொல்கிறவர் இல்லை.

அந்தக் கப்பலைக் கேப்டனிடம் கொண்டு காட்டியபோது அவர் பாராட்டவில்லை என்று முகம் தொங்க வந்தாய். அவர் அதை வாங்கி, தன் வீட்டு வராந்தாவின் விளிம்பில், சாரல் அடிக்கும் இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வா என்று அனுப்பிவிட்டாராம். அடுத்த சனிக்கிழமை அப்பாவும் உன்னோடு வந்தார். ஒரு வாரம் மழையும் உப்புக் காற்றும் பட்டும் ஒரு கயிறு தொய்யவில்லை. அன்றுதான் அந்தக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். போர்த்துகீசியக் கடற்படை முழுவதையும் நீயே செய்து தருவாயா என்று கேட்டார். நீ உடனே சரி என்று சொல்லவில்லை. செய்கிறேன், ஆனால் விளையாட்டும் சொல்லித் தரவேண்டும் என்றாய். இதை அப்பா சொன்னபோது எனக்குத் திக்கென்றது. இப்போது யோசித்தால், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்கிறாய். அங்கேயும் அப்படியே செய். கொடுப்பதற்கு முன்னால் கேள். கொடுத்து முடித்தபின் கேட்டால் கெஞ்சுவது போல ஆகிவிடும்.

இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் அப்பாவோடு கிளேபாங் போய்வந்தாய். காற்று எந்தப் பக்கம் என்று சுண்ணாம்புக் கட்டியால் அம்பு போடுவதும், அந்தக் காற்றுக்கு எதிரே எந்தக் கப்பலும் நேராகப் போக முடியாது என்பதும், மூங்கில் குச்சியால் அளந்துதான் கப்பலை நகர்த்த வேண்டும் என்பதும் எனக்கே பாடமாகிவிட்டன. ஒரு கப்பல் ஒரு பக்கத்துப் பீரங்கிகளைச் சுட்டுவிட்டால் அந்தப் பக்கத்தில் புகை மாதிரி ஒரு துளி பஞ்சை வைக்கவேண்டும். மறுபடி குண்டு நிரப்ப இரண்டு சுற்று ஆகும். அதுவரை பஞ்சு இருக்கவேண்டும், பஞ்சு இருக்கும் பக்கம் சுடக்கூடாது. இதை மலர் படிக்கிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ளட்டும். கதை இந்தப் பஞ்சில்தான் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் அப்பாவின் மேலதிகாரியும் ஒருவர். ஊரில் எல்லாரும் பெரிய கிராணி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கெட்டிக்காரர், கணீரென்று ஆங்கிலம் பேசுவார், டச்சுக் கப்பல்கள் அவருடையவை. நீ கப்பல் செய்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, நன்றாகத்தான் பாராட்டினார். நீ கப்பலை நடத்துவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சுதந்திரத்துக்கு முந்திய மாதங்களில் ஊரெல்லாம் கண்காட்சியும் ஊர்வலமுமாக ஏற்பாடாகிக்கொண்டிருந்தபோது, ஒரு பள்ளி மண்டபத்தில் எல்லாரும் பார்க்க அந்தப் பழைய கடல் சண்டையை விளையாடிக் காட்டலாம் என்று கேப்டன் முடிவு செய்தார். தான் நடுவர், டச்சுப் பக்கம் பெரிய கிராணி, போர்த்துகீசியப் பக்கம் நீ என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஆபீஸில் பெரிய கிராணி அப்பாவைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

அப்பா அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பெரிய கிராணி சொன்னதைச் சொன்னார். பிள்ளை செய்த கப்பல் மண்டபத்தில் இருக்கட்டும், பெயரும் எழுதிப் போடலாம், ஆனால் ஊர்ப் பெரிய மனுஷர்கள் முன்னால் பதினாறு வயதுப் பெண் தரையில் மண்டி போட்டுக்கொண்டு தனக்கு எதிரே சண்டை பிடித்தால் தனக்கும் மரியாதை இல்லை, நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை தேடும் உனக்கும் மரியாதை இல்லை, நீயே சொல்லி அவளை விலகச் சொல் என்றாராம். எனக்கு இரண்டாவது பாதி உள்ளே குத்தியது. அதையே நானும் பல இரவு நினைத்துப் படுத்தவள்தான். நீ பாய் ஒட்டிக்கொண்டிருந்தாய். கையை நிறுத்தவில்லை.

"அப்பா, நீங்க என்னா சொன்னீங்க?" என்று கேட்டாய்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

"அவங்களுக்கு வேற ஆள் வேணும்னா வச்சுக்கட்டும்ப்பா. ஆனா நான் இல்லாம என் கப்பல் போவாது. எல்லாத்தயும் டிரேல வச்சு வீட்டுக்குக் கொண்டாந்துடுவேன்."

குரலை உயர்த்தாமல் சொன்னாய். போர்த்துகீசியக் கடற்படை முழுவதும் உன்னுடையது, நீ எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் டச்சுக்காரர் யாரோடு சண்டை போடுவார்? உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் உன் கையைப் பார்த்தேன். அது பாயை ஒட்டிக்கொண்டேயிருந்தது. போய்ச் சொல்லுங்க என்றேன். மறுநாள் அவர் பெரிய கிராணியின் மேசை முன்னால் நின்று சொன்னதை, ஆபீஸ் பையன்கள் ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள்: "சார், ஆபீஸ்ல நீங்க சொல்றதத்தான் செய்வேன். அந்தக் கப்பலு அவளோடது. அதுக்கு நான் அதிகாரி இல்ல." பெரிய கிராணி பேனாவை மூடி வைத்தாராம். சில வாரம் அவர்களிடையே குட் மார்னிங்கூடக் கிடையாது. சூசா, தொல்லை எது வந்தாலும் வரட்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டார், ஆனால் சோறு குறைவாகத்தான் சாப்பிட்டார். உனக்கு அது தெரியக்கூடாது என்று தட்டை மூடி எடுத்துப் போவேன். இப்போது தெரிந்துகொள். உன்னைப் பெற்றவர் தைரியசாலி. பயப்படாதவரை அப்படிச் சொல்லமாட்டார்கள், பயந்துகொண்டே போய் நின்றவரைத்தான் சொல்வார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் தீபாவளிச் சேலையில், பீபிக் தன் நல்ல கெபாயாச் சட்டையில், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தோம். முன் வரிசையில் அதிகாரிகளும் அவர்கள் வீட்டு அம்மாமார்களும். நடுவில் பச்சைத் தார்ப்பாய். அதன் மேல் உன் கப்பல்கள், கறுப்பும் மஞ்சளுமாக, பாயில் சிவப்புச் சிலுவையோடு, கயிறு ஒவ்வொன்றும் கோடு கிழித்தாற்போல. எதிரே பெரிய கிராணியின் டச்சுக் கப்பல்கள் ஆரஞ்சுக் கொடியோடு. பக்கத்து ஊர்ப் பெண்மணி ஒருத்தி, இதெல்லாம் சீமையிலிருந்து வந்ததா என்று என்னைக் கேட்டாள். இல்லை, எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்து என்றேன். அவள் நம்பவில்லை.

நீ பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டாய். முதலில் சிரிப்பு கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் காற்று அம்பு தெரியும், குச்சி தெரியும். பெரிய கிராணி ஆளை மிரட்டுவது போல எல்லாக் கப்பலையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். நீ காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கிப் போய், அவர் கப்பல்கள் ஒன்றை ஒன்று மறைக்கும்படி செய்தாய். அப்பா என் பின்னால் நின்று, பிள்ளை நல்லாப் போறா, நல்லாப் போறா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். புழுக்கம் தாங்காமல் முன் வரிசை அம்மாள் ஒருவர் கேட்டுக்கொண்டதால் மேசை விசிறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பிறகு நடந்ததை நான் மெதுவாகச் சொல்லவேண்டும். நீ தார்ப்பாயின் மறு கோடியில் வேறொரு கப்பலை அளந்துகொண்டிருந்தாய். இந்தப் பக்கம் உன் பெரிய கப்பலும் பெரிய கிராணியின் தலைமைக் கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கேப்டன் குனிந்து பார்த்தார், உன் கப்பல் அருகே பஞ்சு இல்லை. சுடலாம் என்று சத்தமாகச் சொல்லி, கூட்டத்தின் உற்சாகத்தில் தானே பகடையை உருட்டிவிட்டார். பெரிய எண் விழுந்தது. டச்சுத் தலைமைக் கப்பலின் வெடிமருந்து அறை வெடித்துவிட்டது என்று அறிவித்து அதைத் தூக்கிக் காட்டினார். மண்டபமே கை தட்டியது. பீபிக் என் தொடையில் அடித்தார். அப்பா என் தோளைப் பிடித்தார். பெரிய கிராணியின் முகம் வெளுத்துப் போயிற்று. ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

நீ ஓடிவந்து உன் கப்பலைப் பார்த்தாய். சிரிக்கவில்லை. குனிந்து தார்ப்பாயைச் சுற்றித் தேடினாய். முன் வரிசை நாற்காலிகளுக்குக் கீழே தவழ்ந்து போனாய், அம்மாமார்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள், ஜனங்கள் சிரித்தார்கள், எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எழுந்தபோது உன் கையில் ஒரு துளி பஞ்சு. கேப்டனிடம் நீட்டி ஏதோ சொன்னாய். சிரிப்பு நின்றது. என்ன சொல்றா என்று அப்பாவைக் கேட்டேன். போன சுற்றிலேயே அந்தப் பக்கம் சுட்டுவிட்டாளாம், பஞ்சு விசிறிக் காற்றில் பறந்துவிட்டதாம், பீரங்கியில் குண்டு இல்லையாம், சுட்டது செல்லாதாம் என்றார். நிச்சயம்தானா என்று கேப்டன் கேட்டார். நீ தலையசைத்தாய். அவர் டச்சுக் கப்பலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அடுத்த சுற்றில் அது உன் கப்பலின் பின்புறமாக வந்து சுட்டது. நீ மாதக்கணக்கில் கயிறு முடிந்த அந்தக் கப்பலை, நீயே இரண்டு விரலால் தூக்கி டிரேயில் படுக்க வைத்தாய். அதற்குப் பிறகு உன் வரிசை உடைந்தது. பெரிய கிராணி ஜெயித்தார். கை தட்டலில் அவர் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நீ போய் அவர் கையைக் குலுக்கினாய்.

திரும்பி வரும்போது டிரிஷா வண்டியில் மடியில் டிரேயோடு நீ என் பக்கத்தில். எனக்கு ஆத்திரம். எவ்வளவு பேர் முன்னால், அப்பா எவ்வளவு பட்டபின், கைக்கு வந்ததைக் கொடுத்துவிட்டாளே என்று. "யாருமே பாக்கலயேடி, அவராத்தானே சுடச் சொன்னாரு, உனக்கென்னா வந்துச்சு?" என்று கேட்டேன்.

நீ யோசித்துப் பார்த்து, கோபமில்லாமல் திருப்பிக் கேட்டாய். "பஞ்சு பறந்துட்டா பீரங்கி நெறஞ்சுடுமாம்மா?"

டிரிஷா காஜா பெராங் வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எத்தனை காரியத்தில் பஞ்சு பறந்துபோயிருக்கிறது, எத்தனை பேர் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று இறங்கிப் போன என் முகம் வீடு வந்தபோது வேறாகியிருந்தது என்று அப்பா பிற்பாடு சொன்னார். இறங்கும்போது டிரேயை நான் வாங்கிக்கொண்டேன், ஞாபகமிருக்கிறதா? என் கையால் உன் கப்பல்களைத் தூக்கிக்கொண்டு தெரு வழியாக நடந்தது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டார், ஜெயிச்சாளா என்று கேட்டார்கள். தோத்துட்டா என்று, கல்யாணச் சேதி சொல்வது போலச் சொன்னேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் பெரிய கிராணி அப்பாவின் மேசைக்குத் தானே வந்தார். ஊரெல்லாம் தனக்கு வாழ்த்துச் சொல்வதாகவும், ஒவ்வொரு தடவையும் நீ குனிந்து பஞ்சு தேடியதுதான் கண்ணில் வருவதாகவும் சொன்னாராம். அதற்கு மேல் மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் கிளேபாங்கில் அவருக்கும் கேப்டனுக்கும் காற்றுக் கணக்கில் தகராறு வந்தது. கேப்டன் கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பியதா இல்லையா என்று இருவரும் விடவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று. கடைசியில் பெரிய கிராணிதான், அந்தப் பிள்ளையைக் கேளுங்கள், அவள் சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன் என்றார். நீ குச்சியை வாங்கி, அம்பைப் பார்த்து, அளந்தாய். அது கேப்டன் வீடு, கேப்டன் தார்ப்பாய், உனக்கு விளையாட்டைச் சொல்லித் தந்தவர் அவர். திரும்ப முடியாது சார், கப்பலைப் பின்னால் வைக்கவேண்டும் என்றாய். எல்லாரும் கிழவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்து, சரி என்று சொல்லி, கப்பலை நகர்த்தி வைத்தாராம். அன்றிலிருந்து அந்தக் குச்சி உன் கையில்தான். நரைத்த தலைகள் தரையில் உட்கார்ந்து வாக்குவாதம் பண்ண, காஜா பெராங் கிராணி மகள் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்வாள். தோற்ற ஆட்டத்தால்தான் உனக்கு அந்த இடம் கிடைத்தது. இதைப் பெரிய உபதேசமாகச் சொல்லவில்லை. தோற்றவர்களுக்கெல்லாம் இப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தாலும் நீ அதையேதான் செய்திருப்பாய், அதுதான் எனக்குப் பெருமை.

இதை எழுதலாமா என்று பெரிய கிராணியிடமே போய்க் கேட்டேன். "எழுதுங்கம்மா. ஆனா ஜெயிச்சது நான்தான்னும் எழுதிடுங்க," என்றார். எழுதிவிட்டேன்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் தேடாதே, மேலேயே வைத்திருக்கிறேன். உன்னை யாருக்கும் தெரியாத ஊரில் கொஞ்ச காலம் எல்லாரும் உன் பேச்சையும் நிறத்தையும் பார்ப்பார்கள், வேலையைப் பிறகுதான் பார்ப்பார்கள். அதுவரை பொறு, ஆனால் குறுகிப் போகாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். பசித்தால் சாப்பிடு. கல்யாணத்தைப் பற்றி இங்கே கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு இப்போது அதில் நல்ல பழக்கம் வந்துவிட்டது. திரும்பி வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது, கயிறு ஏன் தொங்குகிறது என்று கேட்கும் பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். அதைக் கவனி.

கடைசியாக, நீ பார்க்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சிங்கப்பூர்த் துறையில் உன் கப்பல் கிளம்பியபோது நீ மேல் தட்டில் கை ஆட்டிக்கொண்டிருந்தாய். கொஞ்ச தூரம் போனதும் உன்னை மற்றவர்களிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், அதை விடு. திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. அவர் வேலியோரம் நின்றிருந்த ஒரு சீக்கியக் காவல்காரரிடம் போய்விட்டார். தெரியாத மனுஷரிடம் தானாகப் போய்ப் பேசி அவரை நான் பார்த்ததே இல்லை. குடையை நீட்டிக் கடலைக் காட்டி, "அனாக் சாயா," என்று சொன்னார். என் பிள்ளை என்று. காவல்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்தத் தூரத்தில் ஆள் எதுவும் தெரியவில்லை, இரண்டு புகைக்கூண்டும் வெள்ளை உடம்புமாக அந்தப் பெரிய கப்பல் மட்டும்தான் தெரிந்தது. அப்பா குடையை இறக்காமல் மறுபடியும் அதையே சொன்னார். காவல்காரர் அந்தக் கப்பல் முழுவதையும் உன் அப்பாவின் பிள்ளை என்று எடுத்துக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தவில்லை.

உன் அம்மா